மன்னார் வளைகுடாக் கடலோரமும் காலநிலை மாற்றமும்

மன்னார் வளைகுடாக் கடலோரம் என்பது, இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடையில் அமைந்த மன்னார் வளைகுடாவின் தமிழ்நாட்டுப் பக்கத்தை இக்கட்டுரையில் குறிக்கும். கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடல், அதிலுள்ள 21 தீவுகள், தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள், கடற்புல் படுகைகள், இவற்றை நம்பி வாழும் மீனவ ஊர்கள் ஆகியன இதில் அடங்கும். இந்தியாவின் முதன்மையான பவளப்பாறைப் பகுதிகளுள் இதுவும் ஒன்றாகும். அந்தமான் நிக்கோபார் தீவுகள், இலட்சத்தீவுகள், கட்சு வளைகுடா, பாக்கு விரிகுடா ஆகியன ஏனையவை.

இக்கடலோரம் இருவகைச் சேதங்களை அடுத்தடுத்துச் சந்தித்தது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பவளப்பாறைகள் பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டன. வெட்டுதல் நின்று பாறைகள் மீளத் தொடங்கிய நிலையில், கடல்நீர் சூடேறுவதால் உண்டாகும் பவள வெளுப்பு அந்த மீட்சியைக் குலைத்தது. எனவே, உள்ளூர்ப் பாதுகாப்பினால் எவற்றைக் காக்க இயலும், எவற்றை அதனால் மட்டும் காக்க இயலாது என்பதை அறிய உதவும் எடுத்துக்காட்டாக இப்பகுதி விளங்குகிறது.

புவியியல்

மன்னார் வளைகுடாவை அதன் வடக்கிலுள்ள பாக்கு விரிகுடாவிலிருந்து இராமேசுவரம் தீவும் ஆதாம் பாலம் எனப்படும் மணல் திட்டுகளின் தொடரும் பிரிக்கின்றன. தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே, கரைக்கு ஏறத்தாழ இணையாகச் சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. இத்தொடரின் நீளம் ஏறக்குறைய 140 கிலோமீட்டர் ஆகும். தீவுகள் யாவும் தாழ்வானவை. பவளச் சிதைவுகளாலும் மணலாலும் ஆனவை. ஒரு எக்டேரிலும் குறைந்த பரப்புடைய திட்டு முதல், ஏறத்தாழ 129 எக்டேர் பரப்புடைய முயல் தீவு வரை இவை அளவில் பெரிதும் வேறுபடுகின்றன.

இத்தீவுகள் நான்கு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன:

* தூத்துக்குடித் தொகுதி: வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரைச்சல்லி
* வேம்பார்த் தொகுதி: உப்புத்தண்ணி, புலுவினிச்சல்லி, நல்லதண்ணி
* கீழக்கரைத் தொகுதி: ஆனையப்பர், வாலிமுனை, அப்பா தீவு, பூவரசன்பட்டி, தலையாரி, வாழை, முள்ளி
* மண்டபம் தொகுதி: முயல் தீவு, மனோலி, மனோலிபுட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கிள்

இவற்றுள் விலாங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் இப்போது கடல் மட்டத்துக்குக் கீழே உள்ளன. சல்லி என்ற சொல் உடைந்த சிறு கல்லைக் குறிக்கும். கடலடிப் பாறைத் திட்டுகளை இக்கரை மீனவர் பார் என்பர்.

சூழல்தொகுதிகள்

மன்னார் வளைகுடாவில் 3,600க்கும் மேற்பட்ட உயிரினங்கள் பதிவு செய்யப்பட்டுள்ளன. பவளப்பாறை, கடற்புல் படுகை, அலையாத்தித் தாவரங்கள் ஆகிய மூன்றும் சிறு பரப்புக்குள் அருகருகே இருப்பதே இவ்வளத்துக்கு முதன்மைக் காரணம் ஆகும்.

பவளப்பாறைகள்

பவளம் என்பது கூட்டமாக வாழும் சிறு விலங்கு ஆகும். ஒவ்வொரு விலங்கும் கடல்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கொண்டு தன்னைச் சுற்றிக் கிண்ணம் போன்ற கூடு கட்டுகிறது. தலைமுறை தலைமுறையாக இக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்று சேர்ந்து பாறையாகின்றன. பவள விலங்கின் திசுக்களுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. இப்பாசிகள் சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதன் பெரும்பகுதியைப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளத்தின் நிறமும் பெரும்பாலும் இப்பாசிகளால் வருவதே. ஒளி தேவைப்படுவதால் பாறை கட்டும் பவளங்கள் தெளிந்த, ஆழம் குறைந்த நீரிலேயே செழிக்கின்றன. மன்னார் வளைகுடாவில் நூற்றுக்கும் மேற்பட்ட பவள இனங்கள் உள்ளன. கிளைத்து விரைவாக வளரும் மான்கொம்புப் பவளங்களும், உருண்டு திரண்டு மெல்ல வளரும் பெரும்பவளங்களும் இவற்றுள் அடங்கும்.

கடற்புல் படுகைகள்

தீவுகளுக்கும் கரைக்கும் இடையிலுள்ள அமைதியான நீரில் கடற்புல் படுகைகள் பரந்துள்ளன. கடற்புல் என்பது பாசி அன்று. வேரும் பூவும் உடைய தாவரம் ஆகும். அதன் வேர்கள் கடலடி மணலை இறுகப் பிடித்துக்கொள்கின்றன. இறாலும் பல மீன் இனங்களும் இளம் பருவத்தில் இப்படுகைகளில் வளர்கின்றன. கடற்புல்லை முதன்மை உணவாகக் கொண்ட பாலூட்டியான கடற்பசு இங்கு வாழ்கிறது. மீனவர் இதனை ஆவுளியா என அழைப்பர். பச்சைக் கடலாமையும் இப்படுகைகளில் மேய்கிறது.

அலையாத்தித் தாவரங்கள்

மனோலி, பூமரிச்சான் உள்ளிட்ட சில தீவுகளின் ஓரங்களில் அலையாத்தித் தாவரங்கள் காணப்படுகின்றன. இவற்றின் பரப்பு சிறிதேயாயினும், சேற்றை நிறுத்தித் தீவின் விளிம்பை உறுதிப்படுத்துவதில் இவற்றுக்குப் பங்குண்டு.

இச்சூழல்தொகுதிகள் ஒன்றையொன்று சார்ந்தவை. பவளப்பாறை அலையை உடைப்பதால் அதன் பின்புறம் நீர் அமைதியாகிறது. அந்த அமைதியில் கடற்புல் வேர் பிடிக்கிறது. கடற்புல் சேற்றைப் பிடித்து வைப்பதால் நீர் தெளிகிறது. அத்தெளிவு பவளத்துக்கு ஒளி தருகிறது. பாறையின் உடைந்த துண்டுகளும், கிளிமீன் போன்றவை பவளப்பாறையைக் கொறித்து வெளியேற்றும் மணலும் தீவுகளை ஊட்டுகின்றன. ஆகவே, ஒன்றின் அழிவு ஏனையவற்றையும் பாதிக்கும்.

கடலோரத்தின் பயன்கள்

அலைத்தடுப்பு

உலகின் பல பகுதிகளில் செய்யப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, பவளப்பாறைகள் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 விழுக்காட்டைக் குறைக்கின்றன எனக் கண்டது. அலை பாறையின் விளிம்பில் மோதி உடைவதும், பின்னர் அதன் கரடுமுரடான பரப்பின்மீது உராய்ந்து செல்வதும் இதற்குக் காரணங்கள் ஆகும். பாறை இறந்து சிதைந்தால் உயரமும் கரடுமுரடும் குறைகின்றன. அலை கூடுதல் ஆற்றலுடன் கரையை எட்டுகிறது.

2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது, தமிழ்நாட்டின் வடபகுதிக் கரையைவிட மன்னார் வளைகுடாக் கரையில் சேதம் குறைவாக இருந்தது. இதற்குத் தீவுகளும் பாறைகளும் உதவின எனப் பொதுவாகக் கூறப்படினும், அலை வந்த திசையில் இலங்கைத் தீவு மறைத்து நின்றது முக்கியக் காரணம் என்பதையும் கருத வேண்டும். பவளப்பாறையின் காப்பு, ஆண்டு முழுவதும் வீசும் பருவக்காற்று அலைகளைத் தடுப்பதிலேயே தெளிவாக வெளிப்படுகிறது.

மீன்வளமும் வாழ்வாதாரமும்

உலகின் பவளப்பாறைகள் கடலடியில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான பரப்பையே கொண்டுள்ளன. ஆயினும் கடல்வாழ் இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு, வாழ்வின் ஏதேனும் ஒரு கட்டத்தில் அவற்றைச் சார்ந்துள்ளது. மன்னார் வளைகுடாக் கரையில் மீன்பிடித்தல், நண்டு பிடித்தல், சங்கு குளித்தல், பாசி சேகரித்தல் ஆகியன முதன்மைத் தொழில்களாக உள்ளன.

பண்டைக்காலத்தில் கொற்கைத் துறையின் முத்துக் குளிப்பு புகழ் பெற்றிருந்தது. சங்க இலக்கியங்கள் அதனைக் குறிப்பிடுகின்றன. பின்னர் தூத்துக்குடி அத்தொழிலின் நடுவிடமாயிற்று. 1961ஆம் ஆண்டுக்குப் பின் தூத்துக்குடிக் கடலில் பெரிய அளவில் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. கடல்வளம் ஒன்று குறைந்துபோனால் அதனைச் சார்ந்த தொழிலும் முடிவுக்கு வரும் என்பதற்கு இக்கரையிலேயே முன்னுதாரணம் உண்டு.

பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி ஆகியவற்றை ஒட்டிய ஊர்களில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி சேகரிக்கின்றனர். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரைப் பாசி முதலியன அகர், ஆல்சினேட்டு ஆகிய பொருள்களைத் தயாரிக்கும் ஆலைகளுக்கு மூலப்பொருளாகின்றன. ஐசுகிரீம் முதல் துணிச் சாயம் வரை பலவற்றில் இப்பொருள்கள் பயன்படுகின்றன.

கரிமச் சேமிப்பு

கடற்புல்லும் அலையாத்தியும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெற்ற கரிமத்தைத் தம் வேரடிச் சேற்றில் நீண்டகாலம் புதைத்து வைக்கின்றன. இவ்வாறு கடலோரத்தில் சேரும் கரிமம் நீலக் கரிமம் எனப்படுகிறது. படுகை அழியும்போது புதைந்த கரிமத்தின் ஒரு பகுதி மீண்டும் வெளியேறுகிறது.

அறிவியல் ஆய்வு

குருசடைத் தீவு நெடுங்காலமாகக் கடல் உயிரியல் மாணவர்களுக்குக் களமாக இருந்து வருகிறது. முதுகெலும்பற்றவற்றுக்கும் முதுகெலும்பிகளுக்கும் இடைப்பட்ட உறவை விளக்கப் பாடநூல்களில் காட்டப்படும் ஏகோர்ன் புழு வகை உயிரினம் அங்குக் காணப்படுவது குறிப்பிடத்தக்கது. 1947இல் தொடங்கப்பட்ட மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில் இயங்கி, பின்னர் கொச்சிக்கு மாற்றப்பட்டது.

பவளம் வெட்டுதல்

காலநிலை மாற்றத்தின் விளைவுகளைப் புரிந்துகொள்ள, அதற்கு முன் இக்கடலோரம் எந்நிலையில் இருந்தது என்பதை அறிதல் வேண்டும். பல பத்தாண்டுகளாகப் பவளப்பாறைகள் கடப்பாரையால் பெயர்க்கப்பட்டு, படகுகளில் கரைக்குக் கொண்டுவரப்பட்டன. சுண்ணாம்பு சுடுவதற்கும், வீடு கட்டுவதற்கும், கால்சியம் கார்பைடு போன்ற வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் தொழில்களுக்கும் அவை பயன்பட்டன. தூத்துக்குடித் தொகுதித் தீவுகள் துறைமுகத்துக்கு அருகில் இருந்ததால் அவற்றின் பாறைகள் மிகுதியாக வெட்டப்பட்டன. ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர் பாறைப் பரப்பு சிதைந்தது எனவும், அதற்குப் பவளம் வெட்டுதலே முதன்மைக் காரணம் எனவும் கணிக்கப்பட்டுள்ளது.

பாறை கட்டும் பவளங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. சட்ட நடவடிக்கையும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோர மக்களிடம் தீவுகளின் காப்பைப் பற்றி வளர்ந்த விழிப்புணர்வும் சேர்ந்து, 2005ஆம் ஆண்டளவில் பவளம் வெட்டுதலை நிறுத்தின.

காலநிலை மாற்றத்தின் அச்சுறுத்தல்கள்

கடல்நீர் வெப்பமும் பவள வெளுப்பும்

பைங்குடில் வளிமங்களால் புவியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டதைக் கடல் உள்வாங்குகிறது. இந்தியப் புவி அறிவியல் அமைச்சகம் 2020இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு வெப்பநிலை 1951 முதல் 2015 வரையிலான காலத்தில் சராசரியாக 1 பாகை செல்சியசு உயர்ந்தது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி உயர்வு 0.7 பாகை ஆகும்.

கோடைக்காலத்தின் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட 1 பாகை கூடுதலான சூடு சில வாரங்கள் நீடித்தாலே பவளம் தன் திசுக்களிலுள்ள பாசிகளை வெளியேற்றிவிடும். அப்போது நிறமற்ற திசுவின் வழியே வெண்ணிறச் சுண்ணாம்புக் கூடு தெரிகிறது. இதுவே பவள வெளுப்பு எனப்படும். வெளுத்த பவளம் உடனே இறப்பதில்லை. சூடு விரைவில் தணிந்தால் பாசிகள் மீண்டும் குடியேறும். சூடு நீடித்தால் பவளம் பட்டினியால் இறக்கும். அதன் கூட்டின்மேல் வேறு பாசிகள் படரும்.

மன்னார் வளைகுடாவில் ஏப்ரல் முதல் சூன் வரை வெளுப்புக் காலம் ஆகும். அப்போது காற்று ஓய்ந்து, ஆழம் குறைந்த நீர் விரைவில் சூடேறி 30 பாகை செல்சியசுக்கு மேல் செல்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுத்து நீர் கலங்கியதும் வெப்பம் தணிகிறது. எனவே பருவக்காற்று எப்போது வலுக்கிறது என்பதும் பவளங்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிறது.

1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இப்பகுதியில் கடுமையான வெளுப்பு நிகழ்ந்தது. இவை எல் நீனோ நிகழ்வுகளை ஒட்டி, உலகின் பல கடல்களிலும் வெளுப்பு உண்டான காலங்கள் ஆகும். உயிருள்ள பவளம் மூடியிருந்த கடலடிப் பரப்பின் பங்கு, அளவீடுகளின்படி ஏறத்தாழப் பின்வருமாறு மாறியது:

* 2005: 37 விழுக்காடு
* 2009: 43 விழுக்காடு
* 2010 வெளுப்புக்குப் பின்: 33 விழுக்காடு
* 2016 வெளுப்புக்கு முன்: 39 விழுக்காடு
* 2016 வெளுப்புக்குப் பின்: 23 விழுக்காடு

இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, வெட்டுதல் நின்றதும் பவளப்பாறை தானே மீண்டது. 2005க்கும் 2009க்கும் இடைப்பட்ட உயர்வு இதனைக் காட்டுகிறது. இரண்டாவது, மீட்சி மெதுவானது, இழப்பு விரைவானது. நான்கு ஆண்டுகளில் பெற்ற 6 புள்ளிகளை விஞ்சி, 2010இன் ஒரே கோடையில் 10 புள்ளிகள் இழக்கப்பட்டன. அதன்பின் சில ஆண்டுகளில் மீண்ட 6 புள்ளிகளை விஞ்சி, 2016இல் 16 புள்ளிகள் இழக்கப்பட்டன. ஆண்டுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் புள்ளி என்ற பழைய வேகத்தில் 2016இன் இழப்பை மட்டும் ஈடுசெய்யவே பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் 1998க்கும் 2010க்கும் இடையே 12 ஆண்டுகளாக இருந்த இடைவெளி, அடுத்த முறை 6 ஆண்டுகளாகச் சுருங்கிவிட்டது. 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளுப்பு நிகழ்ந்து வருவதாக அமெரிக்கத் தேசியக் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் அறிவித்தது.

வெளுப்பில் எல்லா இனங்களும் சமமாகப் பாதிக்கப்படுவதில்லை. மான்கொம்புப் பவளங்கள் முதலில் இறக்கின்றன; திரண்ட பெரும்பவளங்கள் ஓரளவு தாங்குகின்றன. கிளைப் பவளங்களின் இடுக்குகளே சிறுமீன்களுக்குப் புகலிடம் என்பதால், அவை குறையும்போது பாறையின் மீன்வளமும் குறையும்.

பாசிப் பெருக்கமும் ஆக்சிசன் குறைவும்

2019 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மண்டபம் பகுதியில் நாக்டிலூக்கா என்னும் நுண்ணுயிர் பெருகிக் கடல் பச்சை நிறமாக மாறியது. மீன்கள் இறந்து கரை ஒதுங்கின. பெருக்கத்தின்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிசன் மிகவும் குறைந்ததால் சிங்கிள் தீவுப் பகுதியில் கிளைப் பவளங்களும் இறந்தன. நீரில் ஊட்டப்பொருள் மிகுதல், கடலின் நிலை மாறுதல் ஆகியன இத்தகைய பெருக்கங்களுக்கு ஏதுவாகின்றன. சூடான நீரில் ஆக்சிசன் குறைவாகவே கரையும் என்பதால், கடல் வெப்பம் உயர்வது இந்த ஆபத்தைக் கூட்டுகிறது.

கடல் மட்ட உயர்வு

காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழுவின் 2021 அறிக்கையின்படி, 1901க்கும் 2018க்கும் இடையே உலகக் கடல் மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்தது. வட இந்தியப் பெருங்கடலில் 1993 முதல் 2017 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 3.3 மில்லிமீட்டர் வீதம் கடல் மட்டம் உயர்ந்தது. 25 ஆண்டுகளில் இது 8 சென்டிமீட்டரை ஒட்டிய உயர்வாகும். எண்ணளவில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் 100 மீட்டர் தொலைவில் 1 மீட்டர் மட்டுமே உயரும் மணற்கரை ஒன்றைக் கொண்டால், 8 சென்டிமீட்டர் உயர்வு நீரின் விளிம்பை 8 மீட்டர் உள்ளே கொண்டுவரும். இரு நூறு மீட்டர் அகலமுள்ள தீவுக்கு இருபுறமும் இவ்வாறு நேர்வது பெரும் இழப்பாகும்.

கடல்நீர் அமிலமாதல்

காற்றிலுள்ள கரியமில வாயு கடல்நீரில் கரைந்து அதன் காரத்தன்மையைக் குறைக்கிறது. தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையிலிருந்து கடல் மேற்பரப்பின் காரகாடித்தன்மைச் சுட்டெண் ஏறத்தாழ 0.1 குறைந்துள்ளது. இச்சுட்டெண் மடக்கை அளவையில் அமைந்தது என்பதால், இது அமிலத்தன்மையில் நான்கில் ஒரு பங்கைவிடக் கூடுதலான உயர்வுக்குச் சமம். இதனால் பவளமும் சிப்பியும் கூடு கட்டக் கூடுதல் ஆற்றலைச் செலவிட நேர்கிறது. பாறையின் வளர்ச்சி மந்தமாகிறது.

புயல்கள்

1964 திசம்பர் 22-23 இரவில் வீசிய புயலும் கடற்கொந்தளிப்பும் இராமேசுவரம் தீவின் முனையிலுள்ள தனுசுக்கோடி நகரை அழித்தன. காலநிலை மாற்றம் பேசப்படுவதற்கு முந்தைய நிகழ்வு எனினும், தாழ்வான மணற்கரை ஒன்று ஒரே இரவில் அழியக்கூடும் என்பதை அது காட்டியது. உயர்ந்த கடல் மட்டத்தின்மீது எழும் கொந்தளிப்பு மேலும் உள்ளே புகும். தேய்ந்த பாறை அதனைத் தடுக்கும் ஆற்றலை இழந்திருக்கும்.

தீவுகள் சுருங்குதல்

1986இல் ஏறத்தாழ 16 எக்டேராக இருந்த வான் தீவு, 2014ஆம் ஆண்டளவில் 2 எக்டேரை ஒட்டிச் சுருங்கியது. காரைச்சல்லித் தீவின் பரப்பு 1969இல் 20 எக்டேருக்கு மேல் இருந்து, 2018இல் 6 எக்டேராகக் குறைந்தது.

இச்சுருக்கத்துக்குக் கடல் மட்ட உயர்வு மட்டுமே காரணம் அன்று. பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாலு நாட்டின் 101 தீவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வில், 1971க்கும் 2014க்கும் இடையே கடல் மட்டம் உயர்ந்தபோதிலும் அவற்றின் மொத்த நிலப்பரப்பு 2.9 விழுக்காடு கூடியிருந்தது கண்டறியப்பட்டது. அலைகள் பாறையிலிருந்து புதிய மணலையும் சல்லியையும் கொண்டுவந்து சேர்த்தமையால் இது இயன்றது. பவளத் தீவு என்பது அரிப்பும் சேர்ப்பும் இடையறாது நிகழும் மணற்குவியல் ஆகும். பாறை உயிருடன் இருக்கும்வரை சேர்ப்புக்கு வழியுண்டு. தூத்துக்குடித் தீவுகளில் பாறை வெட்டி எடுக்கப்பட்டதால் அலைத்தடுப்பும் மணல் வரத்தும் ஒருங்கே குறைந்தன. அந்நிலையில் உயரும் கடல் மட்டம் அரிப்பை விரைவுபடுத்துகிறது. வெளுப்பு ஏனைய தீவுகளின் பாறைகளையும் தேய்க்குமானால், வெட்டப்படாத தீவுகளும் காலப்போக்கில் இதே நிலையை அடையக்கூடும்.

கரையோர மக்கள்

பாதிப்பின் முதற்சுமை சிறுதொழில் மீனவர்மீதும் பாசி சேகரிக்கும் பெண்கள்மீதும் விழுகிறது. பெருவிசைப்படகுகள் மீனைத் தேடித் தொலைவுக்குச் செல்ல இயலும். நாட்டுப்படகும் மூழ்குபவரும் கரைக்கருகிலுள்ள பாறையையே நம்பியுள்ளனர்.

தீவுகள் தேசியப் பூங்காவுக்குள் அடங்குவதால் அங்குச் செல்லவும் பாசி எடுக்கவும் தடை உள்ளது. தலைமுறைகளாகத் தாம் சென்றுவந்த இடம் மூடப்பட்டது எனவும், பாறையைச் சிதைத்தவர் தாமல்லர் எனவும் பாசி சேகரிப்போர் கூறிவருகின்றனர். பவளத்தின்மீது மிதித்தலும் பாசியை வேரோடு பறித்தலும் மீட்சியைத் தடுக்கும் என்பது வனத்துறையின் நிலைப்பாடு. இதற்கிடையே, மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது போன்ற கட்டுப்பாடுகளைப் பெண்கள் தாமே வகுத்துக்கொண்டனர். பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த பாசி சேகரிப்பாளர் ஒருவருக்கு 2015ஆம் ஆண்டின் சீகாலசிப் பரிசு வழங்கப்பட்டது.

மாற்றுத் தொழிலாகப் பாக்கு விரிகுடாவில் கப்பாபைகசு என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி பயிரிடப்பட்டது. அது குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்து அவற்றை மூடுவதாக 2008இல் ஆய்வாளர்கள் தெரிவித்தனர். வெப்பத்தால் ஏற்கெனவே நலிந்த பவளத்துக்கு இது கூடுதல் சுமையாகும். வாழ்வாதாரத் திட்டங்களையும் சூழல் நோக்கில் ஆராய வேண்டும் என்பதற்கு இது சான்று.

பாதுகாப்பு நடவடிக்கைகள்

சட்டப் பாதுகாப்பு

* 1986: 21 தீவுகளையும் சூழ்ந்த கடலையும் சேர்த்து ஏறத்தாழ 560 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்சார் தேசியப் பூங்காவாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது.
* 1989: 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.
* 1991: கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியானது. பின்னர் 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் அது மாற்றி அமைக்கப்பட்டது.
* 2001: யுனெசுகோவின் உயிர்க்கோளக் காப்பகங்களின் உலக வலையமைப்பில் இப்பகுதி சேர்க்கப்பட்டது.
* 2022: ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அதே ஆண்டில், அண்டையிலுள்ள பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகம் அறிவிக்கப்பட்டது.

மீன்பிடித் தடைக்காலம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 45 நாட்களாக இருந்த இத்தடை 2017இல் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டது. மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி விதிக்கப்பட்டதாயினும், இக்காலம் பவள வெளுப்புக் காலத்துடன் ஒத்துப்போகிறது. இழுவலைகள் கிளறும் சேறு அடங்கியிருப்பது, வெப்பத்தைத் தாங்கி நிற்கும் பவளங்களுக்கு உதவக்கூடியது.

மீட்புப் பணிகள்

தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், நலமான பாறைகளிலிருந்து பெற்ற பவளத் துண்டுகளைக் காரைச் சட்டங்களில் கட்டிச் சிதைந்த இடங்களில் நட்டு வளர்த்து வருகிறது. கடற்புல்லையும் இவ்வாறே மீள நடும் பணிகள் நடைபெறுகின்றன.

வான் தீவைக் காக்க, தேசியக் காலநிலை மாற்றத் தகவமைப்பு நிதியின் உதவியுடன், துளைகளுள்ள காரைக் கட்டமைப்புகள் தீவுக்கு இணையாகக் கடலடியில் இறக்கப்பட்டன. 2015இல் தொடங்கிய இப்பணியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டமைப்புகள் இடப்பட்டன. இவை அலையின் வேகத்தைக் குறைத்து மணல் படிய உதவுகின்றன. மீன்களுக்குப் புகலிடமாகவும், பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரும் பரப்பாகவும் அமைகின்றன. தீவின் சுருக்கம் தடுக்கப்பட்டு, சிறிதளவு நிலமும் மீண்டது. எனினும், இயற்கைப் பாறை கடல் மட்டத்தோடு சேர்ந்து மேல்நோக்கி வளரவல்லது. காரைக் கட்டமைப்பு வளராது. அதன்மேல் உயிருள்ள பவளம் நிலைபெற்றால் மட்டுமே அது நெடுங்காலத் தீர்வாகும்.

வருங்காலம்

காலநிலை மாற்றம் தொடர்பான அரசுகளுக்கிடையிலான குழு 2018இல் வெளியிட்ட சிறப்பறிக்கை, புவியின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முற்பட்ட நிலையைவிட 1.5 பாகை உயர்ந்தால் வெப்பமண்டலப் பவளப்பாறைகள் மேலும் 70 முதல் 90 விழுக்காடு வரை குறையும் எனவும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழியும் எனவும் மதிப்பிட்டது.

மன்னார் வளைகுடாவின் பட்டறிவு இதனோடு ஒத்துள்ளது. வெட்டுதலைத் தடுத்தமை, கழிவுகளைக் குறைத்தல், இழுவலையைக் கட்டுப்படுத்துதல், அயல் பாசியை அகற்றுதல் ஆகியன பவளம் மீளும் வேகத்தைக் கூட்டுகின்றன. வெளுப்பு எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் என்பதை அவை தீர்மானிப்பதில்லை. அது உலகம் முழுவதும் வெளியேற்றப்படும் வளிமங்களின் அளவைப் பொறுத்தது. மீள்வதற்குத் தேவையான காலம், இரு வெளுப்புகளுக்கு இடைப்பட்ட காலத்தைவிடக் குறைவாக இருக்கும்வரை பாறையும், அதன் பின்னுள்ள தீவுகளும், கரையோர வாழ்வும் நிலைக்கும். முதலாவதைக் குறைப்பது உள்ளூரின் பணி; இரண்டாவது மேலும் சுருங்காமல் காப்பது உலகின் பணி ஆகும்.

இவற்றையும் பார்க்க

* பவளப்பாறை
* கடற்பசு
* கடற்புல்
* பாக்கு விரிகுடா
* குருசடைத் தீவு
* புவி சூடாதல்